கேமராவுக்குள் தேவகி

1

இந்தக் கதையைச் சிரிப்புக் கதையாகத்தான் எழுத ஆரம்பித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் வந்து ‘என்னய்யா இப்படிப் பண்ணிட்டே’ என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் வரும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பேர். ஒருவர் சொன்னார்: “எங்க செக்‌ஷன்ல ஒரு பெருசு இருக்காரு. புள்ள ஷார்ஜாலேர்ந்து டிஜிட்டல் கேமரா வாங்கியாந்து குடுத்தான். மாசாமாசம் பேட்டரிக்கு சார்ஜ் போடறாரு, தொடைக்கிறாரு, பீரோல வச்சிப் பூட்டறாரு. போட்டோ மட்டும் எடுக்கவே மாட்டாரு.”

“ஏனாம்?”

“எடுத்தா தேஞ்சிடுமாம்!”

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆம்பூரில் இறங்குவதற்குள் கதை மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அந்த ஆளின் பெயர் தெரியாது, முகம் தெரியாது. மீதி எல்லாம் நானாகச் சேர்த்தது. ஆகவே இனிமேல் இதில் யாருக்கு என்ன நடந்தாலும் பஸ்ஸில் பேசியவர்மேல் பழி போட முடியாது. செய்தவன் நான்தான்.

2

முதல் தொடக்கம்:

கன்னியப்பனுக்கு இந்த உலகத்தில் இரண்டே விஷயம்தான் ஆகாது. ஒன்று ஈரம். இன்னொன்று

(இரண்டாவது விஷயம் கிடைக்கவில்லை. ‘அவசரம்’ என்று போட்டேன், சப்பென்று இருந்தது. ‘மாமியார்’ என்று போட்டேன். சிரிப்பார்கள்தான், ஆனால் அப்புறம் அந்த மாமியாரை வைத்து ஒரு பக்கமாவது எழுத வேண்டும். விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்:

பாலாறு வறண்டு கிடந்த ஒரு கோடையில், தோல் ஊறும் நாற்றம் ஊரையே

(ஆம்பூர் என்றதும் பாலாறும் நாற்றமும் கூப்பிடாமலே வந்து நிற்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு அந்த நாற்றம் தெரியவே தெரியாது. வெளியூர்க்காரன் மூக்குக்குத்தான் தெரியும். நான் இருக்க வேண்டியது கன்னியப்பன் பக்கத்தில். அடித்துவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கத்தைத்தான் வைத்துக்கொண்டேன். அதில் அழகு ஒன்றும் இல்லை. வேலையைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

3

2004 சித்திரையில் வசந்த் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது, தன் அப்பா கன்னியப்பன் கையில் உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளி நிறக் கேமரா ஒன்றைக் கொடுத்தான்.

கன்னியப்பன் தோல் கம்பெனியில் தரம் பிரிப்பவர். பதனிட்டு மெருகு ஏற்றி வந்த தோலை ஜன்னலோர மேஜையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், அம்மை வடு, கத்தி பட்ட வெட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இது முதல் தரம், இது உள்பக்கம் வைக்க, இது கழிவு என்று பிரித்துப் போடுவார். அவர் கழித்ததை முதலாளிகூட எடுத்துத் திருப்பிப் பார்க்க மாட்டார். அப்படிப்பட்ட கண். ஈரத்துக்கு மட்டும் பயப்படுவார். ஒரு மழைக்காலத்தில் கவனிக்காமல் விட்ட தோல் கட்டுகளில் வெள்ளையாய்ப் பூசணம் பூத்து, லோடு மொத்தமும் குப்பைக்குப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

வசந்த் கட்டிலில் உட்கார்ந்து பாடம் நடத்தினான்.

“நைனா, ரொம்ப நாள் யூஸ் பண்ணலன்னா பேட்டரிய கழட்டித் தனியா வைக்கணும். ஃபுல் சார்ஜ்லயும் வைக்கக் கூடாது, சுத்தமா எறக்கியும் வைக்கக் கூடாது. பாதில வைக்கணும்.”

“பாதின்னு எப்டிடா தெரியும்?”

“இங்க கட்டம் காட்டுதில்ல, அதுல பாதி இருந்தாப் போதும். மாசத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பாத்து, எறங்கியிருந்தா கொஞ்சம் ஏத்து. வெயில்ல வைக்காத. ஈரம் ஆகவே ஆகாது.”

“ஈரத்தப் பத்தி எனக்குச் சொல்றியா நீ?”

வசந்த் சிரித்தான். சிரித்துக்கொண்டே, போகிற போக்கில், ஒன்று சொன்னான்: “சார்ஜ் போடப் போட பேட்டரிக்கு ஆயுசு கம்மியாகும் நைனா. அதனால சும்மா சும்மா ஆன் பண்ணிப் பாத்துனு இருக்காத.”

(அடிக்குறிப்பு போட இடம் இல்லை, இங்கேயே சொல்கிறேன். வசந்த் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கேமராவோடு வருகிற எந்தக் குறிப்பை எடுத்துப் பார்த்தாலும் இதேதான் இருக்கும். அதைக் கன்னியப்பனிடம் போய்ச் சொன்னதுதான் விபரீதம்.)

போகும்போது மெமரி கார்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனான். “கார்டு இல்லன்னாலும் உள்ளயே பத்துப் பதினஞ்சு படம் தங்கும். அடுத்த லீவுக்கு வர்றப்ப ஒயர் எடுத்தாந்து, கம்ப்யூட்டர்ல போட்டு ப்ரிண்ட் போட்டுத் தர்றேன்” என்றான். அந்த அடுத்த லீவு, கதைக்கு எவ்வளவு தள்ளிப்போக வேண்டுமோ அவ்வளவு தள்ளிப்போயிற்று.

4

இதுவரை சிரிப்புக் கதைதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கன்னியப்பன் கை கழுவி, துண்டில் துடைத்து, கேமராவை வெளியே எடுப்பார். பேட்டரியைப் போடுவார். கட்டத்தைப் பார்ப்பார். கழற்றுவார். வீட்டில் யாரும் பக்கத்தில் வந்து தும்மக்கூடக் கூடாது.

இந்தக் கூத்தைப் பார்த்துக் கேலி பண்ண ஒரு ஆள் வேண்டுமே என்றுதான் அவருக்கு ஒரு மனைவியை வைத்தேன். பெயர் தேவகி. இரண்டு வாக்கியம் கேலி பேசிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

“தாலி கட்டினதுலேர்ந்து என்ன இப்டித் தொடச்சி வச்சிருக்கியாயா நீ?” என்றாள். நன்றாக இருந்தது. எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

தேவகிக்கு முகத்தில் வெள்ளை படர்ந்திருந்தது. கல்யாணமான புதிதில் அது இல்லை. ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகத் தோலை ஒட்டும் வேலையில் இருந்தபோது, பசையின் ஆவியாலோ, அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்ததாலோ, மேல் உதட்டில் மிளகு அளவுக்குத் தொடங்கியது. பிறகு இடது கன்னத்தில் ஏறி, இடது கண்ணின் இமைவரை போய் நின்றுவிட்டது. வேலையை விட்டாள். வீட்டில் இருந்தபடியே ஷூவுக்குக் கையால் தையல் போட்டுக் கொடுத்தாள். வெள்ளை போகவில்லை.

(தோலில் குறை பார்ப்பதே பிழைப்பாக உள்ளவனுக்கு, தோலில் வெள்ளை விழுந்த மனைவி. என்னடா இது, கணக்குப் போட்டு வைத்தது மாதிரி இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. மாற்றிப் பார்த்தேன், அவளைத் தெத்துப்பல்காரியாக ஆக்கினேன். அப்போது அவள் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். திரும்ப வெள்ளையையே வைத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட பெண்களும் இருக்கிறார்கள், இப்படிப்பட்ட கண்ணுள்ள ஆண்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ள என்ன தடை?)

வெள்ளை விழுந்த பிறகு தேவகி ஒரு போட்டோவுக்கும் முகம் கொடுத்ததில்லை. மகள் சௌந்தர்யாவின் கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அவள் கிடைக்க மாட்டாள். ஒன்றில் முந்தானை வாயை மூடியிருக்கும். ஒன்றில் யாருடைய தோளோ மறைத்திருக்கும். மற்றதில் எல்லாம் பந்தி கவனிக்கப் போய்விட்டாள். அதற்கு முன்னால் எடுத்தது கல்யாணத்தன்று ஸ்டுடியோவில் எடுத்த ஒரே ஒரு படம், அதைச் சுவரில் வைத்தே கரையான் தின்றுவிட்டது. சர்க்கார் கட்டாயத்துக்கு எடுத்த வாக்காளர் அட்டைப் படம் ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் இறங்கி, இப்போது அதில் நெற்றி வகிடும் ஒரு காதும் மட்டும் தெரியும்.

5

2005இல் ஒரு முதல் ஞாயிறு. கன்னியப்பன் பேட்டரியைப் போட்டுக் கட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குக் குளித்து, கூந்தலைத் தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு தேவகி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“என்ன ஒண்ணு எடுயா.”

கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். “இன்னா திடீர்னு?”

“எனக்கே என் மூஞ்சி எப்டி இருக்குன்னு மறந்துபோச்சி. கண்ணாடில பாத்தா வெள்ளதான் தெரியுது. நான் தெரிய மாட்டேன்றேன். அதுலயாவது தெரியறனான்னு பாக்கலாம்.”

அவர் எடுத்தார். எப்படி எடுப்பது என்று வசந்த் சொல்லிக் கொடுத்திருந்ததை எல்லாம் மறந்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினார். வாழ்நாள் முழுக்கக் குறை தேடிப் பழகிய கண் அது. அன்றைக்கு அந்தச் சின்னத் திரையில் அவர் எதையும் தேடவில்லை. அவள் நேராகப் பார்த்தாள். முந்தானை மடியிலேயே கிடந்தது.

கேமராவைத் திருப்பிக் காட்டினார். தேவகி வெகுநேரம் பார்த்தாள்.

“பரவால்ல” என்றாள். “நான்தான்.”

பிறகு, “இத ப்ரிண்ட் போட்டுக் குடுயா. பாய் கடையில போடுவாங்களே” என்றாள்.

“கடையில குடுத்து எவனாவது அழிச்சிட்டான்னா? வசந்து வரட்டும். உள்ள பத்திரமா இருக்கு.”

(இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் இது ஒரு சின்ன நல்ல கதை. இரண்டு பேர் ஒரு கேமராவைப் பார்க்கிறார்கள், முடிந்தது. பத்திரிகையில் போடுவார்கள். வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். நான் ஏன் நிறுத்தவில்லை என்று எனக்கே தெரியவில்லை. பீரோவைத் திறந்து மூடுகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது, அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

6

உள்ளே ஒரு படம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு கன்னியப்பனின் பாதுகாப்பு இரண்டு மடங்கு ஆயிற்று.

கேமராவுக்கு உறை வேண்டும் என்றார். கம்பெனியில் கேட்டு வாங்கி, ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தழும்பு இல்லை, கீறல் இல்லை, வெண்ணெய் மாதிரி இருந்தது. அவர் அளவெடுத்து வெட்டிக் கொடுக்க, தேவகி தைத்தாள். ஷூவுக்குப் போடுவதைவிட நெருக்கமாகத் தையல் போட்டாள். காற்றுகூட நுழையாது. ஷூ டப்பாவுக்குள் போடுவார்களே, ஈரத்தை உறிஞ்சுகிற குருணைப் பொட்டலம், அதில் நாலைந்து கொண்டுவந்து உறைக்குள் போட்டார்.

ஷூ டப்பாவுக்குள் போகிற பொட்டலம் டப்பாவோடு கண்டெய்னரில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அது என்ன ஆகிறது என்று ஆம்பூரில் யாரும் பார்த்ததில்லை. போட்டால் ஈரம் வராது, அவ்வளவுதான் தெரியும். அது குடிக்கிற அளவு குடித்துவிட்டு அப்புறம் சும்மா கிடக்கும் என்பதை, வாழ்க்கை முழுக்க அதைக் கையால் எடுத்துப் போட்டவர் ஒருவர்கூட அறிய வாய்ப்பில்லை.

(உறையைத் துணிப்பையாக மாற்றி ஒரு பிரதி எழுதினேன். துணிப்பையாக இருந்தால் ஒருவேளை எல்லாமே தப்பியிருக்கும். ஆனால் சொல்லுங்கள், ஆம்பூரில் தோலிலேயே வளர்ந்த மனுஷன், தன்னிடம் உள்ளதிலேயே பெரிய பொருளைத் துணிப்பையில் போடுவாரா? கையில் இருப்பதில் நல்லதைத்தானே போடுவார்?)

சில ஞாயிறுகளில் தேவகி கேட்பாள்: “என்னக் காட்டுயா, ஒரு தரம் பாக்கறேன்.”

“இப்பதான போன மாசம் பாத்த? பேட்டரி எறங்கும் தேவகி. அப்புறம் சார்ஜ் போடணும். போடப் போட ஆயுசு கம்மி.”

“சரி, வேணாம் போ.”

கொஞ்ச நாளில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

7

இப்போது அவளைச் சாகடிக்க வேண்டும்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்பி வர வெகுநாள் ஆயிற்று. அதற்குள் அவள் சாகாத பிரதி ஒன்று எழுதினேன். அதில் வசந்த் சரியான நேரத்துக்கு லீவில் வருகிறான், ஒயர் கொண்டுவருகிறான், படம் ப்ரிண்ட் ஆகிறது, தேவகி அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள். எல்லாம் சுகமாக முடிகிறது. படித்துப் பார்த்தால் அதில் ஒருத்தருக்கும் உயிர் இல்லை. சாகாதவளுக்கும் இல்லை.

ஆகவே 2007 தை மாதம், குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது என்று ஒரு வாக்கியம் வந்தது. அழகாக இருந்ததாலேயே அடித்துவிட்டேன்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டார்கள். கன்னியப்பன், “உள்ள இருக்கு, உள்ள இருக்கு” என்று மட்டும் சொன்னார். யாருக்கும் புரியவில்லை. போஸ்டரில் குத்துவிளக்குப் படம் போட்டு, கீழே அவள் பெயரைப் போட்டார்கள்.

காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் கேமராவை எடுத்தார். பேட்டரியைப் போட்டார். அவள் வந்தாள். தலைக்குக் குளித்த முகம், நேராகப் பார்க்கிற கண். அவருக்குத் தாங்கவில்லை. அப்படியே ஆஃப் செய்து, உறைக்குள் தள்ளி, பீரோவில் வைத்துப் பூட்டினார். பேட்டரியைக் கழற்ற மறந்துவிட்டார். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை.

அதற்குப் பிறகு முதல் ஞாயிறுகள் வந்தன, போயின. அவர் பீரோ பக்கம் போகவில்லை. தொட்டால் தேய்ந்துவிடும் என்று இருந்தார். முன்பு பேட்டரியைப் பற்றி அப்படி நினைத்தவர், இப்போது அவளைப் பற்றியே அப்படி நினைத்தார். ஐப்பசியில் நல்ல மழை. சுவரெல்லாம் ஓதம்.

8

வருஷத் திதிக்கு சௌந்தர்யா குடியாத்தத்திலிருந்து வந்தாள். “நைனா, அம்மா படம் ஒண்ணு மாட்டணும். கேமராவுல இருக்குன்னு அப்புறம் சொன்னியே, எடு. பாய் கடையில குடுத்து வாங்கியாரலாம்.”

பீரோவைத் திறந்தார். உறையைக் கையில் எடுத்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது. தையல் ஓரமெல்லாம் மாவு தூவினது மாதிரி வெள்ளை பூத்திருந்தது. அதை எத்தனை கட்டுகளில் பார்த்திருக்கிறார். விரலால் தேய்த்து, மோந்து பார்த்து, ‘போச்சு, தள்ளு’ என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்.

“இன்னா நைனா?”

“பூசணம்.”

உறைக்குள்ளே இருந்த பொட்டலங்கள் ஈரமாகப் பிசுபிசுத்தன. லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி ஓடியிருந்தது. பேட்டரி உப்பி, கேமராவின் அடியில் இருந்த அதன் மூடியைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டது.

இஷ்தியாக் அகமதுவின் ஸ்டுடியோ பஜாரில் இருக்கிறது. கேமரா ரிப்பேரும் பார்ப்பார். நிதானமான மனுஷன். வெகுநேரம் பொறுமையாக நெம்பி, பேட்டரியை வெளியே எடுத்தார். உள்ளே பித்தளைத் தகடெல்லாம் பச்சை. நாலு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். வேறொரு பேட்டரியை ஒயர் வைத்துக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை.

“உள்ள போர்டே அரிச்சிருக்குண்ணே. எதுல வச்சிருந்தீங்க?”

கன்னியப்பன் உறையை மேஜைமேல் வைத்தார். இஷ்தியாக் பாய் அதைத் தொட்டுப் பார்த்தார். அவரும் ஆம்பூர்க்காரர்தான். விரலில் ஒட்டிய வெள்ளையைத் துடைத்துக்கொண்டார்.

கன்னியப்பனே சொன்னார். “பதம் பண்ணாலும் உப்பு உள்ள இருக்கும் பாய். மழ வந்தா தண்ணியக் கூப்புடும். எனக்குத் தெரியும். தெரியும் பாய் எனக்கு.” மறுபடி மறுபடி அதையே சொன்னார். சௌந்தர்யா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

(அந்த உறையைத் தைத்தது தேவகி. அதை அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.)

9

இஷ்தியாக் பாய் நல்லவர். நல்லவர்கள் செய்கிற காரியத்தைத்தான் செய்தார்.

“பேஜாராவாதீங்கண்ணே. பொண்ணு அம்மா ஜாடதான? பொண்ண ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டர்ல வயசு ஏத்தி, நரை போட்டு, புடவ மாத்திடலாம். நீங்க பக்கத்துல ஒக்காந்து சொல்லிக்கினே வாங்க. நான் மாத்திக்கினே வர்றேன்.”

சௌந்தர்யாவை உட்காரவைத்து எடுத்தார்கள். கன்னியப்பன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“மூக்கு இன்னும் கொஞ்சம் அகலம். கன்னம் ஒட்டியிருக்கும். ஆங். காது இல்ல, காது சரி.” ஆணி அடித்தது மாதிரி சொன்னார். தோல் மேஜையில் உட்கார்ந்திருப்பது போலவே உட்கார்ந்திருந்தார். கடைசியில், “இப்ப அந்த வெள்ளையப் போடணும் பாய்” என்றார்.

“வேணாம் நைனா” என்றாள் சௌந்தர்யா.

“அது இல்லன்னா அது அவ இல்ல.”

“அம்மா அதுக்காகத்தான் ஆயுசு பூரா முந்தானய மூஞ்சில போட்டுனு இருந்துச்சி. சாமியா ஆன அப்புறம்கூட அத ஊருக்குக் காட்டணுமா நீ? வேணாம் நைனா. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்.”

படம் எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை தேவகி என்ன சொன்னாள் என்பது சௌந்தர்யாவுக்குத் தெரியாது. கன்னியப்பன் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அழுகிற மகளோடு எதை வாதாடுவது? சரி என்றார்.

படம் பெரிதாக வந்தது. சந்தன மாலை போட்டு, சின்ன பல்பு வைத்துச் சுவரில் மாட்டினார்கள். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். “அப்டியே தேவகிக்கா. பேசறாப்ல இருக்கு” என்றார்கள். கன்னியப்பன் திரும்பிச் சுவரைப் பார்க்காமல் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். முதல் கொஞ்ச மாதம் அது யாரோ ஒரு பெண். அவருக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. கண்ணை மூடினால் முன்பெல்லாம் தேவகி வருவாள். மெல்ல மெல்ல, சுவரில் இருக்கிறவள் வந்தாள். நரை அளவாகப் போட்ட, கறை இல்லாத, நல்ல முகம். அவளைத் தள்ளிவிட்டு உள்ளே தேடினால் முந்தானை கிடைத்தது, கூந்தல் ஈரம் கிடைத்தது, குரல்கூடக் கொஞ்சம் கிடைத்தது. முகத்துக்குப் போனால் சுவர்ப் படம்தான் இருந்தது.

ஒருநாள் சௌந்தர்யாவுக்குப் போன் போட்டார்.

“அம்மாவுக்கு வெள்ள எந்தப் பக்கம்மா இருந்திச்சி?”

“ரைட்டுதான நைனா?” கொஞ்சம் நிறுத்தினாள். “இரு, எனக்கு எதுக்க ஒக்காந்தா… லெஃப்ட்டா? இப்ப எதுக்கு நைனா அது?”

(நான்காம் பகுதியில் எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. அவருக்கு இல்லை. அவரிடம் போய் நான் சொல்லலாமா என்று யோசித்தேன். எழுதியவன் சொன்னால் அவருக்குக் கேட்காது.)

10

அம்மா காரியத்துக்குக்கூட லீவு கிடைக்காத வசந்த் 2009இல்தான் வந்தான். வந்ததும் கேமராவைக் கேட்டு வாங்கி, துடைத்துப் பார்த்து, நாலு பேருக்குப் போன் பண்ணினான்.

“நைனா, சென்னைல ஒரு ஆள் இருக்காராம். கேமரா செத்துப்போனாலும் உள்ள படம் இருக்கற சிப்பு அவ்ளோ சீக்கிரம் போவாதாம். அத மட்டும் தனியாப் பேத்தெடுத்துப் படிப்பாங்களாம். பெரும்பாலும் வந்துடும்னாரு. நான் நாளைக்கே எடுத்துனு போறேன்.”

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்றில் படம் வருகிறது. கன்னியப்பன் பார்த்ததும், ‘தேவகி’ என்கிறார். அழுகிறார். சுவர்ப் படத்தைக் கழற்றுகிறார்கள். இதை எழுதி முடித்த அன்றைக்கு எனக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது. மறுநாள் படித்தேன். அந்த நிம்மதி எனக்கு மட்டும்தான் இருந்தது, அவர் முகத்தில் இல்லை.

இன்னொன்றில் சென்னைக்காரர் கையை விரித்துவிடுகிறார். அதில் ஒரு சௌகரியம், யாரும் எதையும் தாங்க வேண்டியதில்லை.

மூன்றாவதில் படம் வருகிறது, வசந்த் அதை ப்ரிண்ட் போட்டு அப்பாவின் கையில் கொடுக்கிறான், கன்னியப்பன் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. பல தடவை முயன்றேன். மன்னித்துவிடுங்கள்.)

ஆகவே முடிவு எதுவும் இல்லாமல், நடந்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

கன்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேமரா அவர் மடியில் இருந்தது. வசந்த் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

“குடு நைனா.”

“வேணாம்டா.”

“ஏன்? கெட்டுப்போவும்னு பயப்படறியா? இனிமே கெட்டுப்போறதுக்கு அதுல இன்னா இருக்கு? வராட்டி போவட்டும். வந்திடுச்சின்னா?”

“அதாண்டா” என்றார் கன்னியப்பன். “வந்திடுச்சின்னா?”

வசந்துக்குப் புரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

“வந்து, நீ எங்கைல குடுத்து, நான் பாத்துட்டு, இது யாருப்பான்னு கேட்டுட்டன்னா?”

வசந்த் நீட்டிய கையை மடக்கவில்லை. மகன் நிற்கிறான், அப்பா உட்கார்ந்திருக்கிறார், காலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கேமராவை வாங்கிக்கொண்டு போவதா, அவர் மடியிலேயே விட்டுவிடுவதா என்று நீங்கள் அவனுக்குச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுந்து வந்துவிட்டேன்.